வில் என்று பெயர் சொன்னால் போதுமா?

மதுவுக்கு வேறு பெயர் சூட்டிக்கொண்டு அதை அருந்தும் ஒரு கூட்டத்தார் பிற்காலத்தில் வருவார்கள் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். பெயரை மாற்றுவதால் பொருள் மாறாது என்பதை நம் வீட்டுச் சிறுவர்களும் அறிவார்கள். ஆனால் எல்லா இடத்திலும் இது இவ்வளவு வெளிச்சமாக இருப்பதில்லை. ஒரே பெயருக்கு இரண்டு பொருள்கள் உரிமை கொண்டாடும். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கும். நல்லவர்களே எதிரெதிராக நின்று வாதாடுவார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு முஸ்லிம் எப்படிச் சிந்திக்க வேண்டும்? இதற்கு உதாரணமாக, தொலைதூரத்து வழக்கு ஒன்றை வாசகர்கள் முன் வைக்கிறோம்.

அது அமெரிக்க வேட்டைக்காரர்களின் வழக்கு. அந்நாட்டில் மான் வேட்டைக்கு ஒவ்வொரு மாநில அரசும் பருவம் குறித்து, உரிமச் சீட்டு வழங்கி, கணக்கும் வைத்து வருகிறது. துப்பாக்கிக்குக் குறுகிய பருவம். வில்லுக்குப் பெரும்பாலும் அதைவிட நீண்ட, தனியான பருவம். 1934 ஆம் ஆண்டில் விஸ்கான்சின் மாநிலம் இப்படி ஒரு விற்பருவத்தை ஏற்படுத்தி வழிகாட்டியது. இந்தச் சலுகைக்குக் காரணம் தெளிவானது. வில்லேந்தியவன் மானுக்கு மிக அருகில் செல்ல வேண்டும். மான் பார்க்கும் தூரத்தில் நின்று கையால் நாணை இழுக்க வேண்டும். இழுத்த நாணைத் தோள் வலிக்கத் தாங்கிக்கொண்டு குறி பார்க்க வேண்டும். பல நாள் காத்திருந்தும் வெறுங்கையோடு திரும்புபவர்களே அதிகம். ஆகவே அவர்களுக்கு நாட்களைக் கூட்டிக் கொடுத்தார்கள்.

இந்த இடத்தில்தான் கிராஸ்போ எனப்படும் குறுக்குவில் வந்து சேர்ந்தது. ஒரு மரக்கட்டையின் முனையில் வில்லைக் குறுக்காகப் பொருத்தியிருப்பார்கள். நாணை முன்கூட்டியே இழுத்துக் கொக்கியில் மாட்டிவிடலாம். துப்பாக்கியைப் போலத் தோளில் சாய்த்து, தொலைநோக்கிக் கண்ணாடி வழியாகக் குறி பார்த்து, விசையை விரலால் அழுத்தினால் அம்பு பாயும். கைவில்லில் வேட்டைக்காரன் இழுக்கும் பாரம் பெரும்பாலும் 40 முதல் 70 ராத்தல். குறுக்குவில்லிலோ 150, 200 ராத்தல் வரை இருக்கும். ஆனால் அதை மான் வருமுன்பே, கயிற்றைக் கொண்டோ சுழற்றுக் கருவியைக் கொண்டோ ஏற்றிவிடலாம். மான் வந்த பிறகு தாங்க வேண்டிய பாரம் ஒன்றுமில்லை.

இதுவும் வில்தானா? இதை வைத்திருப்பவனும் விற்பருவத்தில் காட்டுக்குள் நுழையலாமா? இதுவே வழக்கு.

ஒரு சாரார் கூடாது என்கிறார்கள். சாக்ஸ்டன் போப் என்ற மருத்துவர், 1911 இல் கலிபோர்னியாவில் தம் குலத்தின் கடைசி மனிதராக வெளிவந்த இஷி என்ற பழங்குடியாரிடம் வில் செய்யவும் எய்யவும் கற்றவர். அவருடைய பெயரையும் அவருடைய நண்பர் ஆர்தர் யங்கின் பெயரையும் தாங்கி 1961 இல் அமைந்த சங்கமே போப் அண்ட் யங் கிளப். குறுக்குவில்லால் வீழ்த்திய மானை அச்சங்கம் தன் பதிவேட்டில் ஏற்பதில்லை. இழுத்துப் பிடிக்கும் உழைப்பு எதில் இல்லையோ அது வேட்டை வில் அல்ல என்பது அவர்கள் வாதம்.

மறு சாராரின் வாதமும் இலேசானதல்ல. குறுக்குவில்லிலும் நாண் உண்டு, வளையும் கை உண்டு, பாய்வது அம்புதான், மருந்தில்லை, வெடியில்லை. அதன் அம்பும் 40, 50 கஜத்துக்கு அப்பால் நம்பத்தக்கதல்ல. அதோடு, நீங்கள் கையில் வைத்திருப்பது மட்டும் உங்கள் பாட்டனார் வில்லா என்றும் கேட்கிறார்கள். 1969 இல் ஆலன் என்ற அமெரிக்கர் காப்புரிமை பெற்ற உருளை வில்லில், நாணை முழுதும் இழுத்த பிறகு கையில் நிற்கும் பாரம் இப்போது கால்பங்கு அளவுக்குக் குறைந்துவிடுகிறது. அதை வில்லென்று ஏற்றுக்கொண்டவர்கள் எங்களை மட்டும் தடுப்பது ஏன் என்கிறார்கள்.

மாநிலங்களும் ஒரே வழியில் செல்லவில்லை. மிச்சிகன் 2009 இல் குறுக்குவில்லுக்குக் கதவை அகலத் திறந்தது. விஸ்கான்சின் 2014 இல் அதற்கென்று தனிப்பருவமே வகுத்தது. ஆரிகன் மாநிலம் குறுக்குவில் வேட்டையை அறவே அனுமதிக்கவில்லை. பிரிட்டனின் 1981 ஆம் ஆண்டுச் சட்டமோ வில், குறுக்குவில் என இரண்டையும் தனித்தனியே பெயர் சொல்லி, காட்டு விலங்குகளையும் பறவைகளையும் கொல்ல இரண்டையுமே தடுத்துவிட்டது.

பெயரின் வரலாற்றைப் புரட்டினால் தீர்ப்புக் கிடைக்குமா என்றால், அதுவுமில்லை. 1139 இல் ரோம் நகரின் லேட்டரன் மாளிகையில் கூடிய கிறிஸ்தவ மதகுருமார் சபை, கிறிஸ்தவர்களுக்கு எதிராகக் குறுக்குவில்லாளர்களையும் வில்லாளர்களையும் பயன்படுத்தக் கூடாதென்று தடுத்தபோது, அவ்விருவரையும் வெவ்வேறு பெயரால் குறித்தது. நம் அரபு நூலாசிரியர்களோ இரண்டையும் ‘கவ்ஸ்’ என்றே அழைத்தார்கள். ஒன்று கைவில், மற்றொன்று கால்வில். காலால் மிதித்துக்கொண்டு நாணேற்றுவதால் வந்த பெயர் அது. ஒருவர் பிரித்தார், மற்றவர் சேர்த்தார். பெயர் நமக்கு வழிகாட்டவில்லை.

அப்படியானால் எதைப் பார்ப்பது? இதற்கு நம் ஃபிக்ஹு நூல்களில் அழகான ஒரு வழி இருக்கிறது.

கொடைவள்ளல் ஹாத்திம் தாயின் மகனார் அதீ (ரலி) அவர்கள் வேட்டையில் பழகியவர்கள். ‘மிஃராழ்’ என்ற ஒருவகை இறகில்லாத அம்பைப் பற்றி நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். அதன் கூர்முனை பட்டுத் துளைத்தால் உண்ணலாம். அகலப் பக்கம் மோதி அந்த அடியால் இறந்தால் உண்ணக் கூடாது என்ற கருத்தில் பெருமானார் (ஸல்) விடையளித்தார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இது பதிவாகியுள்ளது. கவனியுங்கள்! கருவி ஒன்றே, பெயரும் ஒன்றே. ஆனால் அது செய்த வேலையைப் பொறுத்துச் சட்டம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. அடிபட்டுச் செத்ததைத் தடுக்கும் மாயிதா அத்தியாயத்தின் 3 ஆவது வசனத்தின் விளக்கம் இது.

நம் ஊர் உண்டிவில்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பெயரிலேயே ‘வில்’ இருக்கிறது. ஆனால் அதன் உண்டை துளைப்பதில்லை, மோதுகிறது. அதனால் அடிபட்ட பறவையை உயிரோடு பிடித்து முறைப்படி அறுத்தால் ஆகும். அடியிலேயே இறந்துவிட்டால் ஆகாது. வில் என்ற பெயர் அதற்கு உதவவில்லை. குறுக்குவில்லோ கூரிய அம்பை எய்கிறது. அது துளைத்துக் குருதி சிந்தச் செய்கிறது. ஆகவே ஹலாலா என்ற கேள்வியில் குறுக்குவில் வில்லோடுதான் சேரும். மற்ற நிபந்தனைகளும் அதற்கு உண்டு. பிஸ்மில்லாஹ்வை அம்பை விடும் நேரத்தில் சொல்ல வேண்டும். காலையில் நாணை ஏற்றியபோது சொன்னது போதாது. ஹனஃபீ மத்ஹபில் அதை வேண்டுமென்றே விட்டால் பிராணி ஆகாது. ஷாஃபிஈ மத்ஹபில் அது சுன்னத்து. உயிர் தங்கிய நிலையில் பிராணி கிடைத்தால் அறுத்தாக வேண்டும். தண்ணீரில் விழுந்து இறந்திருந்தால், கொன்றது அம்பா தண்ணீரா என்று தெரியாததால், உண்ணலாகாது.

இத்தோடு முடிந்ததா? இல்லை. அமெரிக்க வழக்கு இறைச்சியைப் பற்றியது அல்ல, சலுகையைப் பற்றியது. ஒரு கேள்விக்கு வில்லாக இருக்கும் பொருள் மற்றொரு கேள்விக்கும் வில்லாக இருந்துதான் தீர வேண்டும் என்ற கட்டாயமில்லை.

சலுகைகள் மார்க்கத்தில் இரண்டு விதமாக வருவதைக் காண்கிறோம். நோயாளி உட்கார்ந்து தொழலாம். அது இயலாமையைப் பற்றி நிற்கும் சலுகை. நிற்க முடிந்தவன் பர்ளுத் தொழுகையை உட்கார்ந்து தொழுதால் செல்லாது. பயணி தொழுகையைச் சுருக்கலாம். இதுவோ பயணம் என்ற வெளி அடையாளத்தைப் பற்றி நிற்கிறது. ஒட்டகத்தில் வாடிப் போனவருக்கும் விமானத்தில் சாய்ந்து உறங்கிப் போனவருக்கும் அது உண்டு. சிரமத்தை ஒவ்வொருவரிடமும் அளந்து பார்க்க இயலாதென்பதால், இறைவன் அடையாளத்தையே அளவுகோலாக வைத்துவிட்டான்.

குறுக்குவில்லுக்காகப் பேசுபவர் இந்த இரண்டாவது வகையைக் காட்டி, “நாணும் அம்பும் இருந்தால் போதும், எனக்குச் சிரமம் இருந்ததா என்று கேட்காதீர்கள்” என்று சொல்லக்கூடும். வலுவான வாதம்தான். ஆனால் பயணச் சலுகையில் அடையாளத்தைக் குறித்தவன் அல்லாஹ். பயணி தானாகக் குறித்துக்கொள்ளவில்லை. மனிதர் வகுத்த சலுகையில், கொடுத்தவர் எதற்காகக் கொடுத்தார் என்று கேட்க வேண்டும். பெறுபவர் தமக்கு வசதியாகப் பொருள் சொல்லிக்கொள்ளக் கூடாது. உஸ்மானிய அரசு 1869 முதல் 1876 வரை தொகுத்து வெளியிட்ட ‘மஜல்லா’ சட்டத்தொகுப்பும், ஒப்பந்தங்களில் சொல்லைவிட நோக்கத்தையே கவனிக்க வேண்டுமென்ற விதியைத் தன் முகப்பிலேயே வைத்திருக்கிறது.

விற்பருவம் எதற்காக வந்தது? மான் பார்த்திருக்கும்போது மனிதன் தன் கையால் நாணை இழுத்துத் தாங்கும் அந்தச் சில கணங்களுக்காக வந்தது. உருளை வில்லில் பாரம் குறைந்தாலும் அந்தக் கணங்கள் எஞ்சியிருக்கின்றன. குறுக்குவில்லில் அவை இல்லை. ஆகவே நாம் எண்ணிப் பார்த்த அளவில், உடல் வலுவுள்ளவன் கையில் இருக்கும் குறுக்குவில் ஹலாலில் வில்லாகும், சலுகையில் வில்லாகாது. ஆனால் தோள் தளர்ந்த முதியவருக்கும் ஒரு கையை இழந்தவருக்கும் அதுவே வில். அவருடைய சிரமம் காட்டுக்கு வருமுன்பே அவரைப் பிடித்துக்கொண்டது. ஆரோக்கியமானவர்களுக்குத் தடுத்த காலத்திலும் இத்தகையவர்களுக்குத் தனி அனுமதி கொடுத்த மாநிலங்கள் பல. நோயாளியின் தொழுகைச் சலுகையைப் போன்ற நியாயம் அதில் இருக்கிறது.

அரசே வெளிப்படையாகக் குறுக்குவில்லையும் விற்பருவத்தில் சேர்த்துவிட்ட மாநிலத்தில்? சலுகையைக் கொடுத்தவர் சம்மதித்துவிட்டார். பயன்படுத்துபவர் மீது குற்றமில்லை. ஆயினும் கைவில்லாளனின் பெருமையை அவர் கேட்க வேண்டாம். ஒரு சங்கம் தன் பதிவேட்டுக்கு ஒரு நிபந்தனை வைத்தால் அதை மதிப்பதே அமானிதம்.

மற்றொன்றையும் மறக்கக் கூடாது. இந்த வாதத்தில் வாயில்லாத மூன்றாவது தரப்பு ஒன்று இருக்கிறது, அதுதான் மான். அறுக்கும்போதும் அழகிய முறையில் அறுக்கவும், கத்தியைத் தீட்டிப் பிராணிக்கு எளிதாக்கவும் நமக்குக் கட்டளை உண்டு. கை நடுங்கும் ஒருவன் பெருமைக்காகக் கைவில்லை ஏந்தி, மானைக் குற்றுயிராக ஓடவிடுவானானால், அவன் பேணியது எந்த நெறி? அவனுக்குக் குறுக்குவில்தான் தக்வாவுக்கு நெருக்கம். அதேபோல, கருவி எளிதாகிவிட்டதென்று தூரத்தையும் பாராமல் எய்பவனும் குற்றவாளியே. இஹ்ராமில் இருந்த முஃமின்களை, கைக்கும் ஈட்டிக்கும் எட்டும் தொலைவில் வேட்டைப் பிராணிகளை வரவிட்டு அல்லாஹ் சோதித்ததை மாயிதாவின் 94 ஆவது வசனம் கூறுகிறது. எளிதாகக் கிடைப்பதும் ஒரு சோதனைதான்!

இந்தியாவில் 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டு விலங்கு வேட்டையைத் தடுத்திருக்கிறது. நம் வாசகர்களில் வில்லெடுத்துக் காட்டுக்குப் போகிறவர் யாரும் இருக்க மாட்டார். பின் இது நமக்கெதற்கு என்று கேட்கலாம்.

நம் வீடுகளைச் சற்றுப் பார்ப்போமா? மணப்பெண்ணின் தந்தையிடம் பேரம் பேசி வாங்கும் கைக்கூலிக்கு நாம் ‘அன்பளிப்பு’ என்று பெயர் வைத்திருக்கிறோம். கடன் கொடுத்தவன் மாதந்தோறும் குறித்து வாங்கும் தொகைக்கு ‘லாபம்’ என்கிறோம். மகன் கேட்டு வாங்கினால் ‘உரிமை’. மருமகள் கேட்டால் ‘பேராசை’. வில் என்ற சொல்லுக்காக அவ்வளவு காலமாக வாதாடும் அந்நாட்டு வேட்டைக்காரர்களாவது, பெயருக்குள் என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்கிறார்கள். நாமோ பெயரை ஒட்டி மூடிவிடுகிறோம்.

அன்பளிப்பென்றால் கொடுப்பவர் கொடுக்காமலும் இருக்க முடிய வேண்டும். லாபமென்றால் நட்டத்திலும் பங்கு வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் அதைச் சுமக்கும் ஒரு பாரம் உண்டு. பாரத்தை இறக்கி வைத்துவிட்டுப் பெயரை மட்டும் எடுத்துக்கொள்வது மனிதரிடம் செல்லலாம். உள்ளங்களை அறிந்தவனிடம் செல்லாது.

வல்ல நாயன் நம் சொல்லையும் செயலையும் ஒன்றாக்கி வைப்பானாக! அவன் தந்த சலுகைகளை நன்றியோடு ஏற்கவும், அவன் தராதவற்றைப் பெயர் மாற்றிப் பறித்துக்கொள்ளாமல் இருக்கவும் நம் அனைவருக்கும் தௌஃபீக் செய்வானாக! ஆமீன். உண்மையை அல்லாஹ்வே நன்கறிந்தவன்.