அறிவதற்காகக் கொல்லலாமா?

கனடாவில் பயிலும் என் தமக்கையின் பேத்தி சென்ற கோடையில் எனக்கொரு மடல் விடுத்திருந்தாள். ஒண்டாரியோ மாநிலத்தின் வடமேற்கே, ஊசியிலைக் காடுகளுக்கிடையில், ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கப்பெற்ற 58 ஏரிகள் உள்ளன. 1968 ஆம் ஆண்டு தொடங்கிய அவ்வாய்வுப் பகுதியில் கோடைதோறும் பல்கலைக்கழக மாணவர்களும் தங்கிப் பணிபுரிவர். ஏரிகளைப் பெரும்பாலும் எண்களாலேயே குறிக்கின்றனர். “நாள்தோறும் வலையிட்டு நீரிலுள்ள சிற்றுயிர்களை எடுத்துச் சாராயத்தில் இட்டு வைக்கிறேன். சின்னப் பாட்டி, இது படிப்பா, கொலையா?” என்று கேட்டிருந்தாள்.

“இரண்டுந்தான்” என்று உடனே எழுதிவிட்டேன். அஞ்சலில் சேர்த்தபின் அவ்விடை எனக்கே போதவில்லை.

அவ்வலை மெல்லிய துணியாலான ஒரு கூம்பாம். நீர் வெளியேறும், உயிர்கள் தங்கும். நம் இல்லங்களிலும் கிணற்று நீரைத் துணியிட்டு வடித்து, துணியில் தங்கியதை அதே கிணற்றில் மெல்ல விட்டு வந்தனர் நம் மூதாட்டியர். கருவி ஒன்றே. நாம் விடுவதற்காக வடித்தோம். அவர்கள் வைத்துக்கொள்வதற்காக வடிக்கின்றனர். ஆயினும் ஒரு குடம் நீரில் எத்தனை உயிர் என்று நாம் எண்ணிப் பார்த்ததில்லை. அவர்களோ உருப்பெருக்கியின் கீழ் ஒவ்வொன்றாக எண்ணுகின்றனர்.

அவ்வெண்ணிக்கையின் அருமையை 223 ஆம் எண் ஏரி காட்டிற்று. தொழிற்சாலைப் புகையால் விளையும் அமில மழை வடபுலத்து ஏரிகளை என்ன செய்கிறது என்றறிய, டேவிட் ஷிண்ட்லர் என்னும் அறிஞரின் குழுவினர் 1976 முதல் அவ்வேரியில் ஆண்டுதோறும் கந்தக அமிலம் கலந்து வந்தனர். அமிலம் பெரிய மீன்களை நேரே கொல்லும் என்று நினைக்கத் தோன்றும். நடந்தது வேறு. அமிலம் மிகுவதற்கு முன்னரே, இறால் போன்ற சிற்றுயிர் ஒன்றும் சிறு மீனினம் ஒன்றும் அற்றுப்போயின. அவற்றை இரையாகக் கொண்டிருந்த டிரவுட் மீன்கள் பின்னர் பட்டினியால் எலும்புந் தோலுமாயின. 1985 இல் வெளியான இம்முடிவு பலர் கண்ணைத் திறந்தது. 1991 இல் கனடாவும் அமெரிக்காவும் காற்று மாசு குறித்து உடன்படிக்கை செய்துகொண்டதற்கு இத்தகைய ஆய்வுகளும் துணைநின்றன. அமிலமிடுவதைக் குறைத்தபின் அவ்வேரியும் மெல்ல மீளத் தொடங்கியது.

நம் அறநூல்கள் இம்சையைச் சங்கல்பம், ஆரம்பம், உத்தியோகம், விரோதம் என நான்காகப் பகுக்கும். உழுகுடிகளாகிய நம்மவர், ஏர்முனையில் புழு மடிவதை அறிந்தே உழுகின்றனர். அது தொழில்வழி வரும் இம்சை. இல்லறத்தார்க்கு முற்றும் விலக்க இயலாதது. ஏரியில் அமிலமிட்டதையும் அவ்வகையில் சேர்த்துவிடலாமா? என் மனம் ஒப்பவில்லை. புழு மடியாதிருந்தால் உழவன் மகிழ்வான். அமிலமிட்டவர்க்கோ, எது எப்போது மடிகிறது என்று காண்பதே ஆய்வு. எனினும், அவர்கள் தொடங்குமுன்பே எத்தனையோ ஏரிகள் அமில மழையால் அழிந்துகொண்டிருந்தன; ஓர் ஏரி பட்ட துன்பம் பல ஏரிகளைக் காக்க உதவியது. இதனை மறுப்பது நேர்மையன்று. காத்த நன்மை கொன்ற வினையைக் கழித்துவிடும் என்று ஆறுதல் கொள்வதும் நமக்கு இயலாது. நல்வினைக்கும் தீவினைக்கும் கணக்கு வேறு வேறு அன்றோ!

பிறரைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டேன். என்னைப் பற்றியும் எழுத வேண்டும். 1970களின் தொடக்கத்தில் ஆசிரியப் பயிற்சி பெற்றபோது நாங்கள் நாற்பது பேர் நாற்பது தவளைகளை அறுத்தோம். தவளையின் இதயம் மூன்று அறைகளுடையது என்பது பாடநூலில் இருந்தது. கரும்பலகையில் வண்ணச் சுண்ணக்கட்டியால் வரைந்தும் இருந்தது. ஆயினும் அறுத்தோம். பின்னர் என் மாணவியர் முன்னும் அறுத்துக் காட்டி, நல்லாசிரியை என்று பெயரும் எடுத்தேன். உலகம் அதுவரை அறியாத ஒன்றையேனும் அந்நாற்பது உயிர்கள் காட்டினவா? இல்லை. வீட்டில் இரவுணவை மறுத்த நான், பகலில் இதைச் செய்தேன். ஷிண்ட்லரின் ஏரியைக் குறைகூற எனக்கு நா எழாமைக்குக் காரணம் இதுவே.

ஆகவே இரண்டாவது மடல் எழுதினேன். “நீ எடுப்பது எவரும் அறியாததை அறியவா, உன் கை பழகவா? பழகுவதற்கு, முன்னரே எடுத்துப் புட்டிகளில் வைத்தவை போதாவா என்று உன் பேராசிரியரைக் கேள்.”

கேட்டிருக்கிறாள். பல ஆண்டுகளாகச் சேர்த்துவைத்த புட்டிகள் அங்கு உள்ளனவாம். எண்ணிப் பழகுவதற்கு அவற்றையே கொடுத்துவிட்டனர். மீன் எதை உண்டது என்றறிய வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை. மென்குழாயால் நீர் செலுத்தி இரையை வெளிக்கொணர்ந்து, மீனை ஏரியிலேயே விட்டுவிடலாமாம். ஆனால் இவ்வாண்டு நீரின் நிலையை இவ்வாண்டு நீர்தான் சொல்லும். அதற்காக இரு வாரங்களுக்கு ஒருமுறை வலை இறங்கத்தான் செய்கிறது.

தன் குறிப்பேட்டின் கடைசிக் கட்டத்தில், அன்று தன் கையால் மடிந்தவற்றின் எண்ணிக்கையைத் தனியே எழுதி வருவதாகத் தெரிவித்திருக்கிறாள். “இந்த எண்ணை நான் என்ன செய்ய வேண்டும், சின்னப் பாட்டி?” என்று மடலை முடித்திருக்கிறாள். அதற்கு நான் இன்னும் விடை எழுதவில்லை.