ஒரே மேடு, வேறு வேறு சாமி

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் ரட்ஸ்டன் என்றொரு சிற்றூர். அங்கே தேவாலயச் சுவருக்குச் சில அடி தள்ளி, கல்லறைகளுக்கு நடுவே ஒரு நெடுங்கல் நிற்கிறது. உயரம் 7.6 மீட்டர். பிரிட்டனில் இதைவிட உயரமான நெடுங்கல் இல்லை. சொரசொரப்பான மணற்கல், உச்சியில் ஈயத்தகடு போர்த்தியிருக்கிறார்கள். அந்த ஊர்க் கல் அல்ல அது. சுமார் 4000 ஆண்டுகளுக்கு முன், வடக்கே 16 கி.மீ. தள்ளியுள்ள கடற்கரைப் பக்கத்திலிருந்து இழுத்து வந்திருக்கிறார்கள்.

தேவாலயம் நார்மன் காலத்தது. இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 3000 ஆண்டுகள். இதை வழிபாட்டின் தொடர்ச்சி என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. தேவாலயத்தின் மேல் சாத்தான் எறிந்த கல் குறி தவறிப் பக்கத்தில் விழுந்தது என்பது ஊர்க்கதை. நட்டவர்களை அடியோடு மறந்த பிறகுதானே இப்படியொரு கதை பிறக்கும்?

*

இத்தகைய இடங்களுக்கு விளக்கமாக எடுத்து நீட்டப்படும் கடிதம் ஒன்று உண்டு. கி.பி. 601. கிறித்தவத்துக்கு முந்தைய பழைய கோயில்களை இடித்துவிடும்படி கென்ட் அரசர் எதல்பெர்ட்டுக்கு எழுதிய திருத்தந்தை கிரகோரி, சில வாரங்களிலேயே மனம் மாறி மெல்லிட்டஸ் என்ற துறவிக்கு வேறு மாதிரி எழுதினார். கட்டடத்தை விட்டுவிடுங்கள், சிலைகளை மட்டும் அழியுங்கள். தீர்த்தம் தெளித்து, பீடம் எழுப்பி, புனிதர்களின் திருப்பண்டங்களை வையுங்கள். மாடு வெட்டும் வழக்கத்தைக்கூட அவர் ஒழிக்கவில்லை. திருநாளன்று கோயிலைச் சுற்றிக் கிளைகளால் குடில் போட்டு, வெட்டிச் சாப்பிட்டுக் கடவுளுக்கு நன்றி சொல்லட்டும் என்றார். பழகிய இடத்துக்குத்தான் ஜனங்கள் வருவார்கள் என்பது அவர் கணக்கு. கெட்டிக்காரர்.

ஆனால் அவர் பேசியது அன்று பூசை நடந்துகொண்டிருந்த கோயில்களைப் பற்றி. எந்தத் தேவாலயத்துக்கு அருகே பழைய கல் நின்றாலும் இந்தக் கடிதத்தை எடுத்து நீட்டுவது சரியல்ல.

*

வட ஸ்பெயினில் கங்காஸ் தெ ஓனிஸ். 737இல் அரசர் ஃபாவிலாவும் அரசி ஃப்ரோயிலுபாவும் ஒரு மேட்டின் மேல் சாந்தா குரூஸ் சிற்றாலயத்தை எழுப்பினார்கள். மேட்டுக்குள் 5000 ஆண்டுகளுக்கு மேல் பழைய கல்திட்டை. யாரோ ஒருவரின் ஈமச் சின்னம். புதைத்தவர்களின் தெய்வம் எது என்று அரசருக்கு யார் சொல்லியிருக்க முடியும்? மேடு கண்ணில் பட்டது, உயரமாக இருந்தது, அதுவே போதும். இந்த இடங்களில் கைமாறி வந்தது நிலம், நம்பிக்கை அல்ல என்றே நினைக்கிறேன்.

1936இல் உள்நாட்டுப் போரில் அந்தச் சிற்றாலயம் இடிந்தது. பின்னாளில் அதே மேட்டில், கல்திட்டையை மேலிருந்து பார்க்கும்படி தரையில் திறப்பு விட்டுத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள்.