உலகம் என்று தோன்றிற்று?



ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில் நிகழ்ந்தது இது. ஐந்தாம் வகுப்பில் சூரியனையும் கோள்களையும் பற்றிய பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பின் வரிசையில் இருந்த ஒரு சிறுவன் எழுந்து, “டீச்சர், இவையெல்லாம் வருவதற்கு முன்னால் என்ன இருந்தது?” என்று கேட்டான். பிள்ளைகள் சிரித்தனர். எனக்கு விடை கூறத் தெரியவில்லை. தெரியவில்லை என்று ஒப்புக்கொள்ளவும் நா எழவில்லை. “பாடத்தில் இல்லாததைக் கேட்காதே, உட்கார்!” என்றேன். அவன் உட்கார்ந்தான். அதன்பின் அவ்வாண்டு முழுவதும் அவன் எழுந்து எதையும் கேட்கவே இல்லை.

மனிதர் ஏன் இக்கேள்வியைக் கேட்கின்றனர்? உயிரின் இலக்கணம் உபயோகம் என்பர் நம் ஆசாரியர். அஃதாவது, அறிதலும் காண்டலும். நெருப்புக்குச் சூடு போல உயிருக்கு அறிதல் இயல்பு. ஆதலின், கேட்பது குறும்பன்று. வினைத்திரையின் இடுக்கு வழியே ஞானம் எட்டிப் பார்ப்பதே கேள்வியாகும்.

மற்றொரு காரணமும் உண்டு. ‘தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க’ என்று பயிற்சிப் பள்ளியில் எங்களுக்குக் கற்பித்தனர். மனித மனம் இயல்பாகவே அவ்வழியில் செல்கிறது. குடத்தைச் செய்தவன் குயவன்; வீட்டைக் கட்டியவன் கொத்தன். எனவே உலகிற்கும் ஒரு தொடக்க நாளும் ஒரு படைப்போனும் இருத்தல் வேண்டும் என்று அது முடிவு கட்டுகிறது. ஆனால் குயவன் மண்ணைப் படைக்கவில்லை. இருந்த மண்ணுக்கு வடிவு தந்தான். நாம் கண்ட தொடக்கங்கள் யாவும் வடிவின் தொடக்கங்களே.

இதனையே தத்துவார்த்த சூத்திரத்தில் உமாசுவாமி முனிவர் தெளிவாக்கினார். உள்பொருள் என்பது தோன்றலும் அழிதலும் நிலைத்தலும் ஒருங்கே உடையது. பாட்டியின் வளையலை உருக்கிப் பேத்திக்குச் சங்கிலி செய்கிறோம். வளையல் அழிந்தது, சங்கிலி தோன்றியது, பொன் நிலைத்தது. அவ்வாறே உயிர், புத்கலம், தருமம், அதருமம், ஆகாயம், காலம் என்னும் ஆறு திரவியங்களும் அநாதியானவை. அவற்றின் பரியாயங்களே மாறுகின்றன. 9ஆம் நூற்றாண்டில் ஆதிபுராணம் இயற்றிய ஜினசேன ஆசாரியர், படைப்போனுக்கு இடமும் பொருளும் எங்கிருந்து கிடைத்தன என்பன போன்ற வினாக்களை எழுப்பிப் படைப்புக் கொள்கையை மறுத்தார். கேட்பவரை அவர் அதட்டவில்லை, தாமும் கேட்டார்.

இன்று நம் பிள்ளைகள் பெருவெடிப்புக் கொள்கையைப் படிக்கின்றனர். விண்மீன் கூட்டங்கள் ஒன்றையொன்று விட்டு விலகுவதை ஹபிள் 1929இல் எடுத்துக்காட்டினார். மிக வெப்பமும் செறிவும் கொண்ட நிலையிலிருந்து அண்டம் விரியத் தொடங்கி ஏறத்தாழ 1380 கோடி ஆண்டுகள் ஆயின என அறிவியலார் கணிக்கின்றனர். அதற்கு முன் ஏதேனும் இருந்ததா என்பதை அவர்களும் ஆராய்ந்த வண்ணமே உள்ளனர். எனவே, ‘உன் புத்தகம் பொய்’ என்று பிள்ளையிடம் சொல்லவேண்டா. ‘இதை நாம் அன்றே சொல்லிவிட்டோம்’ என்று மார்தட்டவும் வேண்டா.

அப்படியாயின் இக்கேள்வியால் நமக்கு விளையும் பயன் யாது? பன்னிரு அநுப்பிரேக்ஷைகளுள் உலகச் சிந்தனையும் ஒன்றாக வைக்கப்பட்டிருப்பதை எண்ணிப் பாருங்கள். இடுப்பில் கைவைத்து, கால் அகற்றி நிற்கும் மனிதனின் வடிவினது உலகம். உயரம் 14 ரஜ்ஜு. அதில் நாம் பிறந்து இறவாத இடமில்லை. உச்சியில் சித்தர்கள் உறைகின்றனர். இதைச் சிந்திப்போர்க்கு ‘உலகம் என்று தொடங்கிற்று?’ என்னும் கேள்வி, ‘என் பிறவிச் சுழற்சி என்று முடியும்?’ என்னும் கேள்வியாகக் கனிகின்றது.

சென்ற ஆண்டு என் பேத்தி, “தொடக்கம் இல்லாதது எப்படிப் பாட்டி முடியும்?” என்று மடக்கினாள். இம்முறை நான் அதட்டவில்லை. “தெரிந்த ஒன்றிலிருந்து பார்ப்போம், வா” என்று நெல் குதிரருகே அழைத்துச் சென்றேன். “நெல்லிலிருந்து நாற்று, நாற்றிலிருந்து நெல். முதல் நெல் எது?” என்றேன். விழித்தாள். “புழுங்கலுக்கு அவித்த நெல்லை விதைத்தால்?” என்றேன். “முளைக்காது!” என்றாள். “அவ்வளவுதான் அம்மா. வினையும் பிறவியும் அப்படித் தொடர்ந்து வருபவை. அவற்றுக்கு முதல் இல்லை. ஆயினும் தவத்தீயில் வினை வெந்துவிட்டால் பிறவி முளைக்காது. நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் மூன்றும் கூடிய வழி அதற்கு உரியது” என்றேன்.

தாய்மாரே, தந்தையரே! ஞானத்தை மறைத்தலும் அதற்கு இடையூறு செய்தலும் ஞானாவரணீய வினை வந்து சேர்வதற்குக் காரணங்கள் என அதே சூத்திரம் கூறுகிறது. அன்று வகுப்பில் என் அறியாமையை மறைத்தேன். ஒரு பிள்ளையின் அறிவுக்கும் தடையானேன். அவன் இன்று எங்கிருக்கிறானோ, அறியேன். பிரதிக்கிரமணத்தின்போது ஒவ்வொரு முறையும் அவன் முகம் என் முன் நிற்கிறது. மனத்தால் அவனிடம் பொறுத்தருள வேண்டுகிறேன்.

உங்கள் வீட்டுக் குழந்தை கேட்கும்போது, வேலையின் நடுவிலாயினும் ஒரு கணம் நில்லுங்கள். தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிடில், “தெரியாது, இருவரும் சேர்ந்து தேடுவோம்” என்று கூறுங்கள். அது இழிவன்று, அதுவும் வாய்மை நோன்பே.

வாழ்க அறம்! வளர்க ஜினநெறி!