வந்த ஊரின் மொழிக்கு நாம் கடன்பட்டவர்களா?

மொன்றியல் நகரில் எம்மவர் நான்கு பேர் கூடினால் மொழிப் பேச்சு எழாமல் இருப்பதில்லை. கோயில் மண்டபத்தில் அன்னதானம் முடிந்து கைகழுவி நிற்கும் வேளையிலும் அது எழும். "அங்கே சிங்களம் படி என்றார்கள், இங்கே பிரெஞ்சு படி என்கிறார்கள். தமிழனுக்கு எங்கே போனாலும் இதே கதைதான்" என்று மூத்தவர் ஒருவர் சொல்ல, மற்றவர்கள் தலையாட்டுவார்கள். அந்தப் பேச்சில் உண்மையான வேதனை உண்டு. ஆனால் இரண்டு கதைகளும் ஒன்றுதானா என்பதைச் சற்று நிதானமாக ஆராய்வது நன்று. வேலை கிடைக்குமா, கிடைக்காதா என்பதற்கும் அப்பால் இதில் ஓர் அறக் கேள்வி இருக்கின்றது.

1956ஆம் ஆண்டு இலங்கைப் பாராளுமன்றம் சிங்களம் மட்டுமே அரச கரும மொழி என்ற சட்டத்தை நிறைவேற்றியது. அதன்பின் அரசாங்க சேவையில் இருந்த தமிழர் பலர், சிங்களப் பரீட்சையில் சித்தியடையாவிட்டால் சம்பள உயர்வும் பதவி உயர்வும் இல்லை என்ற நிலைக்கு வந்தனர். தமது சொந்த மண்ணில், தமது மொழியில், தமது அரசாங்கத்துக்கு ஒரு கடிதம் எழுத இயலாதவர் ஆயினர். 1987இல் தமிழும் அரச கரும மொழி என்று அரசியலமைப்பில் எழுதப்படுவதற்கு முன் எத்தனை உயிர்கள் போயின என்பதை நாம் அறிவோம். எம்மில் அநேகர் இந்தக் குளிர் நாட்டுக்கு வந்து சேர்ந்ததற்கு அந்தச் சட்டமும் ஒரு தூரத்துக் காரணமே.

இனி இந்த ஊரின் கதையைப் பார்ப்போம். 1760இல் மொன்றியல் ஆங்கிலேயப் படைகளிடம் சரணடைந்தது. அதன்பின் இருநூறு ஆண்டுகள் பிரெஞ்சு மக்கள் கியூபெக்கில் பெரும்பான்மையினராக இருந்தபோதிலும், பெரிய கம்பனிகளும் வங்கிகளும் ஆங்கிலம் பேசுவோர் கையிலேயே இருந்தன. 1963இல் மத்திய அரசு அமைத்த இருமொழி ஆணைக்குழு வருமானக் கணக்கைப் பார்த்தபோது, கியூபெக்கின் இனப்பிரிவுகளில் பிரெஞ்சு வம்சாவளியினர் ஏறக்குறைய அடிமட்டத்தில் நின்றனர். தொழிற்சாலையில் வேலை செய்பவர் பிரெஞ்சிலும் மேற்பார்வையாளர் ஆங்கிலத்திலும் பேசிய காலம் அது. இந்த நிலையை மாற்றவே 1977ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் ரெனே லெவெக்கின் அரசாங்கம் 101ஆம் இலக்கச் சட்டத்தை நிறைவேற்றியது. குடியேறி வந்தவரின் பிள்ளைகள் பிரெஞ்சுப் பாடசாலைக்குச் செல்ல வேண்டும் என்று விதித்ததும் அச்சட்டமே. பார்க் எக்ஸ்ரென்ஷனிலும் கோட் டே நேஜிலும் வளர்ந்த எமது பிள்ளைகள் அந்தச் சட்டத்தின் பிள்ளைகள்தாம்.

இரண்டு கதைகளும் வேறு என்று சொல்ல எம்மவர் வழமையாகக் காட்டும் காரணங்கள் இரண்டு. அவை இரண்டும் முழுமையாகப் போதுமானவை அல்ல.

முதலாவது, அங்கே நாம் மண்ணின் மக்கள், இங்கே நாமாக விரும்பி வந்தவர்கள் என்பது. வேலைக்கென்று விண்ணப்பித்து வந்தவருக்கு இது பொருந்தும். ஆனால் 1983க்குப் பின் உயிருக்கு அஞ்சி விமானம் ஏறியவர் மொன்றியலைத் தெரிந்தெடுத்தாரா? எந்த ஊர் கதவைத் திறந்ததோ அங்கே இறங்கினார். அவரிடம் "நீராக வந்தீர், ஆகவே படியும்" என்று சொல்வது நியாயமாகாது.

இரண்டாவது, பிரெஞ்சு மொழி இங்கே ஆபத்தில் இருக்கும் சிறுபான்மை மொழி என்பது. உண்மைதான். கனடாவிலும் அமெரிக்காவிலுமாக 36 கோடிக்கும் மேற்பட்டோர் வாழும் நிலப்பரப்பில் கியூபெக்கின் மக்கள் தொகை 2021ஆம் ஆண்டில் 85 இலட்சம் அளவே. ஆனால் 1956இல் சிங்களத் தலைவர்களும் இதே அச்சத்தைத்தானே பேசினார்கள்? தமிழுக்குக் கடலுக்கு அப்பால் தமிழ்நாடு இருக்கின்றது, எங்கள் மொழிக்கு இந்தத் தீவை விட்டால் வேறிடம் இல்லை என்றார்கள். அவர்களுடைய அச்சமும் பொய்யானதன்று. ஆகவே அச்சம் இருக்கின்றது என்பதனால் மாத்திரம் ஒரு சட்டம் நீதியானதாகி விடாது.

அப்படியானால் எதை வைத்து அளப்பது? தன் மொழியைக் காப்பவன் மற்றவனுக்கு எந்தக் கதவைத் திறந்து விடுகின்றான் என்பதை வைத்தே அளக்க வேண்டும் என்பது எமது கருத்து. கியூபெக்கில் ஆங்கிலம் பேசுவோருக்குப் பாடசாலைகளும் மக்கில், கொன்கோடியா போன்ற பல்கலைக்கழகங்களும் வைத்தியசாலைகளும் இன்றும் உண்டு. சட்டமன்றத்திலும் நீதிமன்றத்திலும் ஆங்கிலம் பேசும் உரிமையை 1867ஆம் ஆண்டின் அரசியலமைப்பு காத்து நிற்கின்றது. குடியேறி வந்தவருக்கு அரசே இலவசமாகப் பிரெஞ்சு கற்பிக்கின்றது. தமிழ்ப் பாடசாலை நடத்துவதற்கோ தேவாரம் பாடுவதற்கோ எவரும் தடை சொல்லவில்லை. 1956இல் மூடிய கதவுகளோடு ஒப்பிட்டால் இது வேறு கதைதான்.

இதைச் சொல்லும்போது மறு பக்கத்தையும் மறைக்கக் கூடாது. 2022இல் நிறைவேறிய 96ஆம் இலக்கச் சட்டத்தின்படி, புதிதாக வந்தவருடன் ஆறு மாதத்துக்குப் பின் அரச அலுவலகங்கள் பொதுவாகப் பிரெஞ்சிலேயே தொடர்புகொள்ள வேண்டும். சுகாதாரம், பொதுப் பாதுகாப்பு போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. ஆயினும் இரவு வேலை முடித்து வந்து பகலில் பிள்ளை பார்க்கும் ஒரு தாய்க்கு, அல்லது அறுபது வயதில் வந்து இறங்கிய தந்தைக்கு, ஆறு மாதம் எம்மாத்திரம்? கற்கக் கேட்பது நியாயம், கற்பதற்குரிய காலத்தைக் கொடாமல் கேட்பது நியாயமன்று. இதை எடுத்துச் சொல்வதும் இந்த ஊர்க்காரரான எமது கடமையே.

இனிக் கடன் என்ற கேள்விக்கு வருவோம். எமக்கு விசா கொடுத்தார்கள், ஆகவே மொழியால் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். இதை நாம் ஏற்பதில்லை. உணவகச் சமையலறையிலும் தையல் தொழிற்சாலையிலும் எம்மவர் உழைத்த உழைப்பும் கட்டிய வரியும் அந்தக் கணக்கைத் தீர்த்து விட்டன. நன்றி என்பது கேட்டு வாங்கும் பொருளுமன்று.

கடன் அரசாங்கத்துக்கு அன்றி அயலவருக்கே உரியது. முப்பது ஆண்டுகள் ஒரே மாடிப்படியில் ஏறி இறங்கிய பக்கத்து வீட்டு மூதாட்டியிடம் "போன்ஜூர்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேச இயலாதிருந்தால், அவருடைய கணவர் இறந்த அன்று நாம் என்ன சொல்லி ஆறுதல் கூறுவோம்? கணியன் பூங்குன்றனாரின் பாட்டை எமது விழா மேடைகள் அனைத்திலும் கேட்கின்றோம். எந்த ஊரும் எமதென்றால் அந்த ஊரின் பேச்சும் சிறிதாவது எமதாக வேண்டாமா?

வீட்டுக்குள்ளும் ஒரு கடன் உண்டு. மொழி படியாத பெற்றோர் பலருக்குப் பத்து வயதுப் பிள்ளையே மொழிபெயர்ப்பாளர். அம்மாவின் நோயை வைத்தியருக்குச் சொல்வதும், அப்பாவின் வாடகைப் பாக்கியை வீட்டுக்காரருக்கு விளக்குவதும், தன்னைப் பற்றி ஆசிரியர் எழுதிய முறைப்பாட்டைத் தானே வாசித்துக் காட்டுவதும் அந்தப் பிள்ளைதான். பெரியவர் சுமக்க வேண்டிய சுமையைச் சிறு தோளில் ஏற்றுகின்றோம். பிரெஞ்சு எமக்கு ஏன் என்று கேட்பவர்கள் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பிரெஞ்சு வந்தால் தமிழ் போய்விடும் என்ற பயமும் எம்மிடம் உண்டு. ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியாருடன் இருந்து விவிலியத்தைத் தமிழாக்க உதவியவர். ஆங்கிலமும் கற்றார், சைவமும் காத்தார். மறுபுறம் பாருங்கள். 1956ஆம் ஆண்டு, கொழும்பில் எமது மொழிக்குக் கதவு மூடிய அதே ஆண்டில், புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தன் முதலாவது நூலை வெளியிட்டது. அது காரைக்காலம்மையாரின் பாடல்களும் அவற்றின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பும் ஆகும். ஜான் ஃபிலியோசா தொடக்கி வைத்த அந்த நிறுவனம் சைவ ஆகமச் சுவடிகளைத் தேடிச் சேர்த்தது. என். ஆர். பட் அவர்கள் அவற்றை ஒப்பிட்டு ஆகமங்களைப் பதிப்பித்தார். 2005இல் புதுச்சேரியின் சைவச் சுவடிகளை யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. பிரெஞ்சு மொழி எமது ஆகமத்துக்கு அந்நியமாக இருக்கவில்லை.

தமிழ் நிலைப்பதும் போவதும் வீட்டில் நாம் என்ன பேசுகின்றோம் என்பதைப் பொறுத்தது. ஆங்கிலக் கடலின் நடுவே இரண்டரை நூற்றாண்டு தம் மொழியை விடாது பேசி வந்த இந்த ஊர் மக்களே அதற்குச் சாட்சி. ரொறன்ரோவுக்குப் போனால் சுகம் என்று போனவர்களை நாம் குறை கூறவில்லை. ஆனால் தமிழைக் காப்பது எப்படி என்று கற்க விரும்பினால், எமக்கு ஆசிரியர்கள் பக்கத்து வீட்டிலேயே இருக்கின்றார்கள்.

இறுதியாக, எம்மை நாமே கேட்க வேண்டியது ஒன்று உண்டு. எமது மொழியை மதியுங்கள் என்று நாம் அங்கே கேட்டது ஒரு கொள்கையா, அல்லது சொந்த நலனா? சொந்த நலன் என்றால் இங்கே எமக்கு வசதியான மொழியோடு நின்று விடலாம். கொள்கை என்றால் அது எம்மையும் கட்டுப்படுத்தும். தன் மொழியில் வாழ விரும்பும் ஒரு மக்களின் ஆசையை எம்மைவிட நன்றாக விளங்கிக்கொள்ளக் கூடியவர் வேறு யார்?

தமிழ்ப் பாடசாலை நடக்கும் அதே ஞாயிறு காலையில், பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுக் காத்திருக்கும் பெற்றோருக்கு மண்டபத்தின் ஒரு மூலையில் பிரெஞ்சு வகுப்பு நடத்தலாம். கற்பிப்பதற்கு எமது இளைஞர்களே போதும். தேர்த் திருவிழாவன்று வாசலில் நின்று வேடிக்கை பார்க்கும் அயலவரை உள்ளே அழைத்து, அவர் மொழியிலேயே நாலு வார்த்தை சொல்லி, ஒரு தொன்னை சர்க்கரைப் பொங்கல் கொடுக்கலாம். எல்லாம் வல்ல முருகப்பெருமான் அதற்குரிய நல்ல மனத்தை எம் அனைவருக்கும் அருள்வாராக.