குடிமையைக் கற்பிக்க முடியுமா?

தேர்தல் நாள். வாக்குச்சாவடியின் முன்னே நீண்ட வரிசை. வீட்டு வேலை செய்து பிழைக்கும் காந்தா என்ற பெண் அதில் நிற்கிறாள். வசதி படைத்தவர்களும் அதே வரிசையில்தான் நிற்கவேண்டும். ஆளுக்கு ஒரே வாக்கு. அவள் மனத்தில் ஒரு பெருமிதம் எழுகிறது. பின்னர் அதே காந்தா, நோயுற்ற மகளை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று மற்றொரு வரிசையில் நிற்கிறாள். தான் உண்மையிலேயே சமமானவள்தானா என்ற ஐயம் அங்கே எழுகிறது. தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமம் 2007இல் வெளியிட்ட ஏழாம் வகுப்புப் பாடநூலில், சமத்துவத்தைப் பற்றிய பாடம் இந்தக் காந்தாவின் கதையோடுதான் தொடங்கியது.

அதற்கு முன்பிருந்த குடிமையியல் பாடங்களில் காந்தாக்களுக்குப் பெரும்பாலும் இடமில்லை. குடியரசுத் தலைவராவதற்குக் குறைந்தபட்ச வயது 35. மாநிலங்களவை உறுப்பினர்களின் உச்ச எண்ணிக்கை 250. 1976இல் 42ஆவது திருத்தம் பத்து அடிப்படைக் கடமைகளை அரசமைப்புச் சட்டத்தில் சேர்த்தது, 2002இல் 86ஆவது திருத்தம் பதினொன்றாவதைச் சேர்த்தது. மாணவன் இவற்றை ஒப்பித்தான், தேர்வில் எழுதினான், மறந்தான். இவை பயனற்ற செய்திகள் அல்ல. ஆயினும் கேள்வி எழாத மனத்தில் விடையை மட்டும் கொண்டுபோய் வைத்தால், பசியில்லாதவன் முன் பரிமாறிய இலைபோல அது அப்படியே கிடக்கும்.

இந்தச் சலிப்புக்கு ஒரு வரலாறும் உண்டு. 'சிவிக்ஸ்' என்ற பாடம் இந்தியப் பள்ளிகளுக்குள் நுழைந்தது ஆங்கிலேயர் ஆட்சியில். ஆட்சியின்மீது மக்களுக்கிருந்த விசுவாசம் குறைந்துவந்த காலம் அது. பணிந்து நடக்கும் பிரஜைகளை உருவாக்குவது அப்பாடத்தின் நோக்கங்களுள் ஒன்று. 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டக் கட்டமைப்பு இந்தப் பின்னணியைச் சுட்டிக்காட்டி, பழைய பெயரைக் கைவிட்டுப் பாடத்தைப் புதிதாக அமைக்கச் சொன்னது. 1950இல் நாடு குடியரசாயிற்று, ஆட்சி மக்களுடையதாயிற்று. ஆனால் வகுப்பறையில் அந்தப் பழைய தொனி நெடுங்காலம் மாறவில்லை. வரி செலுத்து, வரிசையில் நில், பொதுச்சொத்தைக் காப்பாற்று! சொல்வன எல்லாம் நல்லவையே. சொல்பவர் யாராக நின்று யாரிடம் சொல்கிறார் என்பதில்தான் சிக்கல்.

பாடத்தைச் சுவையாக்க வேண்டும் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். வினாடி வினா, நாடகம், மாதிரி நாடாளுமன்றம் என்று பல வழிகள். நாடாளுமன்ற விவகாரங்கள் அமைச்சகம் 1966-67இலேயே தில்லிப் பள்ளிகளில் இளைஞர் நாடாளுமன்றப் போட்டியைத் தொடங்கிவிட்டது. இத்தகைய நிகழ்ச்சிகளில் பிள்ளைகள் உற்சாகமாகப் பங்கேற்கிறார்கள். மேடைக் கூச்சம் நீங்குகிறது, அவை நடைமுறை தெரிகிறது. எனினும் பள்ளி விழாக்களில் அமைச்சரின் பதிலையும் ஆசிரியரே எழுதித் தருவதுண்டு. எதிர்க்கட்சியின் கோபத்தையும் அவரே எழுதித் தருவதுண்டு. மசோதா நிறைவேறுகிறது, கைதட்டல் எழுகிறது, மறுநாள் பள்ளியில் எதுவும் மாறுவதில்லை. வேடிக்கை வேறு, ஈடுபாடு வேறு. தான் சொல்வதால் ஏதேனும் ஒன்று மாறக்கூடும் என்று குழந்தை உணரும்போதுதான் ஈடுபாடு பிறக்கிறது.

இதற்கு ராஜஸ்தானில் ஓர் உதாரணம் உண்டு. அஜ்மீர் மாவட்டத்துத் திலோனியா கிராமத்தில் 1972இல் தொடங்கப்பட்ட பேர்ஃபுட் கல்லூரி என்ற அமைப்பு, பகலில் ஆடு மாடு மேய்க்கும் பிள்ளைகளுக்காக இரவுப் பள்ளிகளை நடத்தியது. 1990களில் அப்பிள்ளைகளுக்கென ஒரு நாடாளுமன்றம் அமைந்தது. அவர்களே வாக்களித்துப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். பிரதமராகவும் அமைச்சர்களாகவும் பொறுப்பேற்றார்கள். பெயர்கள் விளையாட்டுப்போலத் தோன்றலாம். ஆனால் பள்ளி ஒழுங்காக நடக்கிறதா, ஆசிரியர் தவறாமல் வருகிறாரா என்று மேற்பார்வையிடும் பொறுப்பு அந்த அவைக்கு உண்மையாகவே இருந்தது. பகலில் ஆட்டு மந்தையின் பின்னே நடந்த பிள்ளை, இரவில் பெரியவர்களிடம் கேள்வி கேட்கும் இடத்தில் அமர்ந்தது. எழுதிக் கொடுத்த வசனம் அங்கே தேவைப்படவில்லை.

நற்பண்பைக் கற்பிக்க முடியுமா என்பது தத்துவத்தின் பழைய கேள்விகளுள் ஒன்று. பிளேட்டோவின் 'மீனோ' உரையாடல் இந்தக் கேள்வியுடனேயே தொடங்குகிறது. சாக்ரடீஸ் அதற்கு எளிய விடை எதையும் தரவில்லை. அரிஸ்டாட்டில் வேறு வழியில் சென்றார். வீடு கட்டிக் கட்டியே ஒருவன் கொத்தனாராவதுபோல, நீதியான செயல்களைச் செய்து செய்தே நீதிமானாகிறான் என்பது அவர் கருத்து. ஜனநாயகத்தை ஆட்சிமுறையாக மட்டும் காணாமல், மனிதர்கள் சேர்ந்து வாழும் முறையாகவே கண்டவர் ஜான் டூயி. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவரிடம் பயின்ற டாக்டர் அம்பேத்கர், 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அரசமைப்பு வரைவை முன்வைத்துப் பேசினார். அரசமைப்பு ஒழுக்கம் மனிதனுக்கு இயல்பாக வாய்ப்பதன்று, அது வளர்க்கப்பட வேண்டியது என்று அவர் அப்போது வலியுறுத்தினார்.

இவர்கள் சொல்வது சரியானால், ஒரு சங்கடமான முடிவை ஏற்கவேண்டியிருக்கிறது. குடிமையியல் அதற்கென ஒதுக்கிய பாடவேளையில் மட்டும் நடப்பதன்று. காலை வழிபாடு முதல் கடைசி மணி வரை அது நடந்துகொண்டே இருக்கிறது. ஆசிரியருக்குத் தண்ணீர் கொண்டுவர அனுப்பப்படுவது யார்? வகுப்பைப் பெருக்குவது யார், மாணவிகள் மட்டுமா? முதல் பெஞ்சு யாருக்கு? தவறு செய்யாதவன் தண்டிக்கப்பட்டால் அதை எடுத்துச் சொல்ல அவனுக்கு இடமுண்டா? அரசமைப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழிக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, குழந்தையை அடிப்பதையும் மனத்தளவில் துன்புறுத்துவதையும் தடைசெய்கிறது. இந்த இரண்டு பதினேழுகளையும் ஒருவர் பிரம்பைக் கையில் வைத்துக்கொண்டு நடத்தினால், பிள்ளைகள் கற்றுக்கொள்வது சட்டத்தை அன்று. சட்டம் ஏட்டோடு நின்றுவிடும் என்பதை.

ஆகவே பாடம் அந்த வகுப்பறையையே தொடவேண்டும். தொடும்போது யாருக்கு வலிக்கும் என்பது அடுத்த கேள்வி. அதே ஏழாம் வகுப்புப் பாடத்தில் ஓம்பிரகாஷ் வால்மீகியின் சிறுவயது அனுபவமும் இடம்பெற்றிருந்தது. எச்சில் என்று பொருள்படும் 'ஜூட்டன்' என்ற தன்வரலாற்று நூலில் அவர் எழுதியது அது. தலைமையாசிரியர் அவரைப் படிக்க விடாமல் பள்ளியையும் மைதானத்தையும் பெருக்க வைத்தார். அவ்வழியே வந்த தந்தை அதைக் கண்டு, துடைப்பத்தைப் பிடுங்கி எறிந்து தலைமையாசிரியரை எதிர்த்து நின்றார். இந்தப் பகுதி உரக்க வாசிக்கப்படும்போது, சில கண்கள் ஒரு குறிப்பிட்ட பெஞ்சை நோக்கித் திரும்பலாம். துப்புரவுப் பணியாளரின் மகன் அங்கே தலைகுனிந்து அமர்ந்திருக்கிறான். ஆர்வமுள்ள ஆசிரியர், நல்லெண்ணத்தோடுதான், "உனக்கு இப்படி நடந்ததுண்டா? எல்லோருக்கும் சொல்" என்கிறார். அந்தக் கணத்தில் அவன் மாணவன் அல்லன். கரும்பலகை, தேசப்படம் போல அவனும் ஒரு கற்பித்தல் கருவியாகிவிடுகிறான்.

இதற்கு அஞ்சிப் பாடத்தையே தவிர்ப்பவர்கள் உண்டு. பிஞ்சு மனங்களில் பேதத்தை ஏன் விதைக்கவேண்டும் என்பது அவர்கள் கேள்வி. அக்கறையிலிருந்து பிறந்த கேள்விதான். ஆனால் அந்தச் சிறுவனுக்குப் பேதம் புதிதன்று. அவன் அறிந்ததை அறியாதிருப்பவர்கள் பக்கத்துப் பெஞ்சில் இருப்பவர்களே. மௌனம் அவனைக் காப்பதில்லை. வெட்கப்பட வேண்டியவன் தானே என்ற அவனது எண்ணத்தை அது மேலும் ஆழமாக்குகிறது.

செய்யக்கூடியது, கேள்வியின் திசையை மாற்றுவது. துன்பப்பட்டவனிடம் அவன் துன்பத்தைக் கேட்பதை விட்டு, பார்த்துக்கொண்டிருந்தவர்களைப் பற்றி எல்லோரிடமும் கேட்கலாம். வால்மீகி பெருக்கிக்கொண்டிருந்தபோது மற்றப் பிள்ளைகள் வகுப்பில் அமர்ந்து படித்தார்களே, அவர்கள் என்ன செய்திருக்க முடியும்? நம் பள்ளியில் பெருக்கும் முறையை வகுத்தது யார்? அதை மாற்ற யாரிடம் விண்ணப்பிக்க வேண்டும்? இக்கேள்விகளுக்கு விடை தேடும் சுமை எல்லோர் தோளிலும் ஏறுகிறது. அந்தச் சிறுவன் தானாகப் பேச விரும்பினால் பேசட்டும். விரும்பாவிட்டால் பேசாதிருப்பது அவன் உரிமை. விண்ணப்பம் எழுதப்பட்டு, பெருக்கும் பட்டியலில் எல்லோர் பெயரும் முறைவைத்து ஏறுமானால், அது எந்த மாதிரி நாடாளுமன்றத்தைவிடவும் பெரிய சட்டம் இயற்றல்.

ஆசிரியர் தம் சொந்தக் கருத்தைச் சொல்லலாமா? எந்தக் கட்சிக்கு வாக்களிப்பார் என்பதை அவர் வகுப்பறைக்கு வெளியே விட்டுவருவது நல்லது. வாக்களிப்பதைக் கட்டாயமாக்கலாமா என்பதுபோன்ற கேள்விகளில் இரு தரப்பிலும் நியாயம் உண்டு. அங்கே அவர் தராசு முள்ளாக இருப்பதே நேர்மை. ஆனால் ஒரு குழந்தையைக் குடிநீர்ப் பானையிலிருந்து விலக்கி வைக்கலாமா என்பதில் இரு தரப்பு கிடையாது. அரசமைப்பே அதில் நடுநிலை வகிக்கவில்லை. ஆசிரியர் வகிப்பதற்கு என்ன இருக்கிறது?

தைத்திரீய உபநிடதத்தில், கல்வி முடித்துப் புறப்படும் சீடனுக்குக் குரு பல அறிவுரைகள் கூறுகிறார். தங்களிடம் காணப்படும் நற்செயல்களை மட்டுமே பின்பற்றும்படியும் ஏனையவற்றை விட்டுவிடும்படியும் சொல்வது அவற்றுள் ஒன்று. ஆசிரியரையே சீர்தூக்கிப் பார்க்கும் உரிமையை மாணவனுக்கு வழங்கும் துணிவு அது. அந்த உரிமையைப் படிப்பு முடியும் நாள்வரை ஒத்திவைக்காமல் ஏழாம் வகுப்பிலேயே தந்தால் என்ன என்று கேட்கத் தோன்றுகிறது.

இனித் தேர்வு. காந்தாவின் கதையைச் சொன்ன அந்த வரிசை நூல்களுக்குப் பதிலாக, வரலாறு, புவியியல், குடிமையியல் ஆகியவற்றை ஒன்றாக இணைத்த புதிய சமூக அறிவியல் நூல்கள் 2024 முதல் படிப்படியாக வந்துள்ளன. நூல் மாறினாலும், விடைத்தாள் திருத்தும் ஆசிரியரின் தயக்கம் மாறவில்லை. ஒரே விடையில்லாத கேள்விக்கு எப்படி மதிப்பெண் இடுவது? காந்தா சமமானவளா என்ற கேள்விக்கு, 'ஆம், சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்று 14ஆவது பிரிவு சொல்கிறது. அதைக் காட்டியே அவள் நியாயம் கேட்கமுடியும்' என்று ஒரு மாணவி எழுதலாம். 'இல்லை, வாக்குச்சாவடியில் மட்டும்தான்' என்று காரணங்களோடு மற்றொருத்தி எழுதலாம். இருவருக்கும் முழு மதிப்பெண் தரலாம். வழிகாட்டி நூலிலிருந்து வரி பிசகாமல் எழுதப்பட்ட மூன்றாவது விடைத்தாள் வரும்போதுதான், ஆசிரியர் பேனாவைக் கையில் பிடித்தபடி சற்று யோசிக்க வேண்டியிருக்கும்.