நாணயமும் பத்து நிமிஷமும்

ஆவி பறக்க வந்த காப்பி ஆறிப் போவதற்கு எத்தனை நேரம் பிடிக்கும்? பத்து நிமிஷம் போதும். இந்த அற்ப விஷயத்திலிருந்து ஒரு பெரிய தர்ம சங்கடம் கிளைக்கிறது என்று நான் சொன்னால், சிரிக்காமல் கேட்க வேண்டும்.

மத்திய அமெரிக்காவில் எல் சால்வடார் என்று ஒரு சின்ன தேசம். 2021 செப்டம்பர் 7-ஆம் தேதி முதல் அங்கே டாலரோடு பிட்காயினும் சட்டப்படி செல்லும் பணமாயிற்று. கொடுத்தால் வியாபாரி வாங்கிக்கொண்டே தீரவேண்டும் என்றது சட்டம். அந்த நாட்டின் தெருவோரத்தில் பூபூசா என்னும் பூரணம் வைத்த ரொட்டியைச் சுட்டு விற்கும் ஓர் அம்மாளைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வந்தவன் ரொட்டிக்குக் கையை நீட்டியபடி, கைபேசியைத் தட்டிவிட்டு, "அனுப்பிவிட்டேன்" என்கிறான். பணம் வந்துவிட்டதா?

வரவில்லை, வந்துகொண்டிருக்கிறது. பிட்காயின் என்பது உண்மையில் ஒரு கணக்குப் புத்தகம். உலகெங்கும் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களில் அதன் பிரதி இருக்கிறது. சடோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் ஒருவர் 2008-ல் வெளியிட்ட திட்டம் அது. 2009 ஜனவரியில் அதன் முதல் ஏடு பிறந்தது. 'பிளாக்' என்று சொல்லப்படும் ஏடு ஒன்று சேரச் சராசரியாகப் பத்து நிமிஷம் ஆகும். ஏட்டில் ஏறும் வரை கொடுத்தது கொடுத்ததல்ல. அதே காசை, கூடுதல் கட்டணம் வைத்து, வேறு பக்கம் திருப்பிவிட வழி உண்டு. பெரிய தொகையானால் ஆறு ஏடுகள் சேரட்டும் என்று காத்திருப்பது வழக்கம். அதாவது, ஏறக்குறைய ஒரு மணி நேரம்!

அந்தப் பத்து நிமிஷமும் நிச்சயமில்லை. ஓர் ஏடு ஒரு நிமிஷத்தில் வரும். இன்னொன்று முக்கால் மணி இழுக்கும். ஒன்பது நிமிஷம் போய்விட்டது, இன்னும் ஒன்றுதானே என்று ஆறுதல் கொள்ளவும் இடமில்லை. தாயம் விழுவதைப் போன்றது அது. இதுவரை காத்திருந்தது கணக்கில் சேராது. இன்னும் பத்து நிமிஷம் என்பதே அப்போதும் நியாயமான எதிர்பார்ப்பு.

சீக்கிரமாக எழுதினால் என்ன? எழுதலாம். 2011-ல் வந்த லைட்காயின் இரண்டரை நிமிஷத்துக்கு ஓர் ஏடு எழுதுகிறது. ஆனால் எழுதியது உலகம் முழுவதும் போய்ச் சேர வேண்டுமல்லவா? அவசரம் கூடக் கூட, இரண்டு மூலைகளில் இரண்டு பேர் ஒரே சமயத்தில் வெவ்வேறு ஏடுகளை எழுதிவிடும் குழப்பமும் கூடும். எதீரியத்தில் பன்னிரண்டு விநாடிக்கு ஓர் ஏடு. இனி மாற்ற முடியாது என்ற முத்திரை விழவோ சுமார் பதின்மூன்று நிமிஷம்.

ஏன் இத்தனை தாமதம்? யாரையும் நம்பாமல் பணம் கொடுக்கவேண்டும் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் மூல ஆசை. வங்கி அட்டையைத் தேய்த்தவுடன் வேலை முடிந்துவிட்டதாக நினைக்கிறோம். கடைக்காரர் கைக்குப் பணம் பிறகுதான் வருகிறது. வாடிக்கைக்காரர் ஆட்சேபித்தால் திரும்பிப் போகவும் கூடும். அந்த வேகம் வங்கி கட்டணம் வாங்கிக்கொண்டு இரவல் கொடுக்கும் நம்பிக்கை. நம்பிக்கையை வேண்டாமென்று தள்ளினால், அதன் இடத்தில் காலத்தை வைக்க வேண்டியிருக்கிறது.

காலத்தை வைக்க யாரால் முடியும்? வீடு வாங்குகிறவருக்கு ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை. எதிரே நாலு பேர் பசியோடு நிற்க, கல்லின் மேல் ரொட்டி கருகிக்கொண்டிருக்க, அந்த அம்மாளால் காத்திருக்க முடியுமா? அவள் வந்தவனுடைய முகத்தைப் பார்க்கிறாள். அடுத்த தெருப் பையன்தான். கொடுத்துவிடுகிறாள். வாசலில் விரட்டிய நம்பிக்கை கொல்லைப்புறமாக வந்து உட்கார்ந்துவிட்டது. காத்திருக்க வசதி உள்ளவர்களுக்கே சந்தேகப்படவும் வசதி இருக்கிறது. ஏழை நம்பித்தான் ஆகவேண்டும். ஏமாந்தால் நஷ்டமும் அவளுக்கே.

இதற்குப் பரிகாரமாக 2015-ல் லைட்னிங் என்ற திட்டத்தை எழுதினார்கள். இருவர் பணத்தைப் பொதுவில் பூட்டிவைத்துத் தமக்குள் கணக்குத் தீர்த்துக்கொள்வது; கண நேரத்தில் பணம் மாறும். மறுபக்கத்தான் பழைய கணக்கை எடுத்து நீட்டாதபடி விழித்திருக்க வேண்டும், அவ்வளவுதான். சாமானியர் பலர் அந்தக் காவலை ஒரு கம்பெனியிடம் விட்டுவிடுகிறார்கள். மறுபடியும் நம்பிக்கை!

2025 ஜனவரியில் எல் சால்வடார் தன் சட்டத்தைத் திருத்தி, கட்டாயத்தை எடுத்துவிட்டது. சர்வதேச நிதியத்தோடு செய்த ஒப்பந்தத்தை ஒட்டி வந்த திருத்தம் அது. ஆயினும் வாங்கு என்று உத்தரவு போடலாமே தவிர, நம்பு என்று உத்தரவு போட எந்தச் சர்க்காராலும் ஆகாது.

நம் பாஷையில் காசுக்கும் நேர்மைக்கும் 'நாணயம்' என்று ஒரே சொல்தான். ஒன்றை மற்றொன்றிலிருந்து முழுக்கப் பிரித்துவிடலாம் என்று கெட்டிக்காரர்கள் முயன்று பார்க்கிறார்கள். முயற்சியைப் பழிக்க நான் வரவில்லை. நம்பி மோசம் போனவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆனால் பத்து நிமிஷம் நிற்க முடியாதவர்களுக்கு அதில் என்ன இடம் என்று அவர்களைக் கேட்கத் தோன்றுகிறது.