சிவப்பு மையும் கவ்வாத்துக் கத்தியும்



டயகமத் தோட்டத்து லயம் ஒன்றை நினைத்துக் கொள்ளுங்கள். மாலை நேரம். மலையால் இறங்கி வந்த தாய் ஈரப் படங்கைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு அடுப்பு மூட்டுகிறாள். பத்தாந் தரத்தில் படிக்கும் மகள் புத்தகப் பையைச் சுவரோரம் எறிந்துவிட்டு அழுகிறாள். "அம்மா, நான் இனிப் பள்ளிக்கூடம் போகமாட்டேன்." காரணம் என்ன? புதிதாக வந்த தமிழ் டீச்சர் அவளுடைய கட்டுரைக்கு இருபதுக்கு ஏழு புள்ளி போட்டிருக்கிறார். போன வருடம் இருந்த சேர் இதே பிள்ளைக்குப் பதினாறும் பதினேழும் கொடுத்தவர். கொப்பியைத் திறந்தால் பக்கமெல்லாம் சிவப்பு மை.

உங்களில் பலருக்கு இது கற்பனையாகத் தோன்றாது. உங்கள் வீட்டிலேயே நடந்திருக்கலாம்.

அந்தத் தாய்க்கு முதலில் நினைவுக்கு வருவது எது? கொழுந்து மடுவத்துத் தராசு. காலை முதல் மழையில் நனைந்து பறித்த கொழுந்தைத் தராசில் போட்டால், தண்ணீருக்கென்று கொஞ்சம், சாக்குக்கென்று கொஞ்சம், முற்றிய இலைக்கென்று கொஞ்சம் கழிபடுகிறது. கிலோ குறைந்தால் முழுப்பேர் அரைப்பேராகிறது. "மலையிலதான் எனக்கு வெட்டுறாங்க, பள்ளிக்கூடத்தில என் புள்ளைக்குமா வெட்டுறாங்க?" என்று அவள் கேட்டால் அந்தக் கோபத்தை நாம் குறை சொல்ல முடியாது. தலைமுறை தலைமுறையாகக் குறைத்து நிறுக்கப்பட்ட மக்களின் கோபம் அது. கள்ளத் தராசு ஆண்டவருக்கு அருவருப்பானது என்று பழமொழி ஆகமம் தெளிவாகவே கூறுகிறது.

ஆனாலும், அன்பான தாயே, ஒரு கேள்வியை அமைதியாகச் சிந்தித்துப் பாருங்கள். வெட்டியதால் யாருக்கு இலாபம்? மடுவத்தில் அநியாயமாய்க் கழிபடும் கிலோ உங்கள் சோற்றிலிருந்து எடுக்கப்பட்டு இன்னொருவர் கணக்கில் சேருகிறது. கட்டுரையில் குறைத்த பதின்மூன்று புள்ளிகளை அந்த டீச்சர் தம் வீட்டுக்கா கொண்டு போனார்? ஒவ்வொரு வரியையும் வாசித்து, பிழையைச் சுற்றிக் கோடு போட்டு, ஓரத்தில் திருத்தம் எழுத எவ்வளவு நேரம் சென்றிருக்கும்! வாசியாமலே பதினாறு போட ஒரு நிமிடம் போதும். அப்படியானால் எது கள்ளத் தராசு? கேட்கக் கசப்பான கேள்விதான். ஆனால் கேட்டே ஆகவேண்டும்.

சாதாரண தரப் பரீட்சையில் பிள்ளையின் விடைத்தாளைத் திருத்துபவர் எங்கோ ஓரிடத்தில் இருப்பவர். அவருக்குத் தெரிவது சுட்டிலக்கம் மட்டுமே. நல்ல பிள்ளை, ஏழைப் பிள்ளை, பாவம் என்று அவர் இரங்க முடியாது. 35 புள்ளி எடுத்தால் சாதாரண சித்தி, 50 எடுத்தால் திறமைச் சித்தி. தாய்மொழியில் சித்தியில்லாமல் உயர்தர வகுப்புக்குப் போவது கடினம். உண்மை அன்றுதான் தெரியவருமானால், திருத்திக்கொள்ள நாள் ஏது? இன்று சிவப்பு மையில் தெரிந்தால் இன்னும் ஒரு வருடம் கையில் இருக்கிறது.

ஆண்டவர் இயேசு தம் சீடருக்குச் சொன்ன திராட்சைக் கொடியின் உவமையை அருளப்பர் நற்செய்தி 15ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அதில் நாம் கவனியாமல் விடும் ஒரு செய்தி உண்டு. கனி கொடாத கிளைக்கு மட்டுமல்ல, கனி கொடுக்கும் கிளைக்கும் கத்தி வருகிறது. அது இன்னும் மிகுதியாய்க் கனி தரவேண்டுமென்றே தந்தை அதைக் கழித்துவிடுகிறார்.

மற்ற ஊர்களில் இதை விளக்க வேண்டியிருக்கும். நமக்கு அவசியமில்லை. கவ்வாத்து மலையைப் பார்த்தவர்கள் நாம். பச்சைப் பசேலென்று நின்ற தேயிலையைச் சில ஆண்டுகளுக்கொருமுறை வெட்டிவிடுகிறார்கள். மலை முழுவதும் மொட்டைக் கட்டைகள். புதியவர் பார்த்தால் தோட்டம் செத்துவிட்டது என்பார். சில மாதம் அங்கே கொழுந்து இல்லை. பின்பு அந்தக் கட்டைகளிலிருந்தே இளந்துளிர் கிளம்புகிறது. வெட்டாமல் விட்டால் தேயிலை மரமாய் உயர்ந்துவிடும். கைக்கும் எட்டாது, நல்ல கொழுந்தும் தராது.

இனி அந்தப் பிள்ளையின் கொப்பியைத் திறப்போம். தலைப்பு "மழைநாள்". பிள்ளை எழுதியது என்ன? மயில் தோகை விரித்து ஆடியது, உழவர் உள்ளம் மகிழ்ந்தது, வாய்க்காலில் காகிதக் கப்பல் விட்டோம் என்று, கட்டுரைப் புத்தகத்தில் மனப்பாடம் செய்ததை அப்படியே ஒப்புவித்திருக்கிறாள். மலை என்று எழுதவேண்டிய இடத்தில் மழை, மழைக்கு மலை. "மழை வந்திச்சி" என்று பேச்சு வழக்கு. எல்லாவற்றையும் சுற்றிக் கோடிட்ட டீச்சர் அடியில் ஒரு வரி எழுதியிருக்கிறார்: "இது யாருடைய மழை? டயகமவில் பெய்யும் மழையை எழுது."

மகளே, இது அவமானமல்ல, அழைப்பு. ஹோட்டன் சமவெளிப் பக்கமிருந்து இறங்கும் மூடுபனியை நீ அறிவாய். தகரக் கூரையில் மழை விழும்போது பக்கத்துக் காம்பராவின் பேச்சுக்கூடக் கேளாது. ஆக்ரா ஓயா கலங்கிப் பெருகும். நனைந்த விறகை ஊதி ஊதி அம்மா கண் சிவப்பாள். பின்பக்கத்து மண்திட்டு சரியுமோ என்று அப்பா இரவில் எழுந்து பார்ப்பார். இதையெல்லாம் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. கண்டதைக் கண்டபடி எழுதுவதே உண்மை, உண்மை கடவுளுக்குரியது.

உன் ஊருக்கு அருகே, வட்டகொடை மடக்கும்புரத் தோட்டத்தில் 1914இல் பிறந்தவர் சி. வி. வேலுப்பிள்ளை. இம்மலைகளின் மக்கள் வாழ்வையே எழுதினார், அவர்களுடைய பாடல்களைத் தேடிச் சேர்த்தார். 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றத்துக்கும் சென்றார். தோட்டத்து வாழ்க்கையில் எழுதுவதற்கு ஒன்றுமில்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

ஆர்ஸ் ஊர்ப் பங்குக் குரு புனித ஜோன் மரிய வியான்னியையும் எண்ணிப் பார். 1786இல் பிரான்சில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். பிந்திப் படிக்கத் தொடங்கிய அவருக்கு லத்தீன் மொழி ஏறவில்லை, குருமடத்துப் பரீட்சையில் தவறினார். அவருக்குக் கற்பித்த பலே சுவாமியார் அவரைக் கைவிடவுமில்லை, படிப்பு போதுமென்று விட்டுவிடவுமில்லை. மீண்டும் உட்கார வைத்துக் கற்பித்தார். 1815இல் வியான்னி குருவானார். இன்று பங்குக் குருக்களின் பாதுகாவலர் அவரே.

ஆசிரியப் பணி புரியும் அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை. வேரில் சத்தில்லாத செடியைக் கவ்வாத்து வெட்டினால் அது பட்டுப்போகும். ஆகையால் சில இடங்களில் இலையோடு ஒன்றிரண்டு கிளையை விட்டே வெட்டுகிறார்கள். புதுத்துளிர் வரும்வரை அந்த இலைதான் செடிக்கு உயிர் கொடுக்கிறது. நீங்களும் ஒரு கிளையை விட்டு வையுங்கள். எத்தனை பிழை இருந்தாலும், நன்றாயுள்ள ஒரு வரிக்குக் கீழே "நன்று" என்று எழுதுங்கள். ஏன் குறைத்தீர்கள் என்று சொல்லாமல் குறைப்பதும், வகுப்பின் முன் வாசித்துச் சிரிப்பதும், "தோட்டத்துப் பிள்ளை" என்று ஏளனம் செய்வதும் கவ்வாத்து அல்ல, வேரறுப்பு. அப்படி நடந்தால் பெற்றோர் வாய்மூடி இருக்கவேண்டியதில்லை. அதிபரிடம் சென்று மரியாதையோடும் உறுதியோடும் பேசுவது உங்கள் கடமை.

பெற்றோரே, "எனக்கு வாசிக்கத் தெரியாதே" என்று ஒதுங்காதீர்கள். இரவில் கட்டுரையை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். "டீச்சர் என்ன எழுதியிருக்காங்க?" என்று கேளுங்கள். அதே கட்டுரையைத் திருத்தி மறுபடி எழுதச் சொல்லுங்கள். ஒரு நாள் பள்ளிக்கூடம் சென்று, "டீச்சர், என் புள்ள எதில பிந்தியிருக்கு?" என்று விசாரியுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் புள்ளியோடு மட்டும் ஒப்பிடாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, "படிப்பு ஏறலேன்னா நின்னுக்க, கொழும்புக்கு வீட்டு வேலைக்கு அனுப்பிடுறேன்" என்ற சொல்லைக் கோபத்தில்கூடச் சொல்லாதீர்கள். பதினாறு வயதுவரை கல்வி கட்டாயம் என்பது நாட்டின் சட்டம். அதையும் விட, இம்மலைகளிலிருந்து வீட்டு வேலைக்குப் போன பிள்ளைகள் எல்லாரும் உயிரோடு திரும்பி வரவில்லை என்பதை டயகம மறவாது. இருபதுக்கு ஏழு எடுத்த பிள்ளை நாளை ஒன்பது எடுப்பாள். பள்ளியைவிட்டு நின்ற பிள்ளைக்கு அந்த நாளை இல்லை.

எந்தக் கண்டிப்பும் அந்நேரம் துயரமாகவே தோன்றும், பிற்பாடே அது நற்பலன் தரும் என்று எபிரேயருக்கு எழுதிய திருமுகம் நமக்கு நினைவூட்டுகிறது. இன்றிரவு குடும்பச் செபமாலை முடிந்ததும், அந்தப் புதிய டீச்சருக்காகவும் ஓர் அருள்நிறை மந்திரம் சொல்லுங்கள். பின்பு மகள் கொப்பியைத் திறக்கட்டும். புதிய பக்கத்தில், தன் சொந்த மழையை எழுதட்டும்.

கனி தரும் கிளையைக் கழித்துவிடும் தந்தை நம் பிள்ளைகளை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.